தும்பையின் முன்னால் சற்று உட்காருங்கள்

வெளுத்த வேட்டியைப் பார்த்தால் ‘தும்பைப்பூ மாதிரி’ என்கிறோம். அந்தப் பூவைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்கள் குறைவு. நின்றபடி பார்த்தால் அது வெறும் களைதான்.

நர்சரியில் தும்பை கேட்டால் சிரிப்பார்கள். வரப்போரத்திலோ காலி மனையிலோ காய்ந்து நிற்கும் செடியின் கணுவில் இருக்கும் ஓர் உருண்டையைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்தால் பழுப்பு விதைகள் உதிரும். ஐப்பசி மழைக்கு முன் வெயில் விழும் இடத்தில் தூவி, மேலாக மண்ணைத் தடவிவிட்டால் போதும். தொட்டியிலும் வரும். எருவை அள்ளிப் போடாதீர்கள். நான் போட்டேன், இலைதான் தழைத்தது.

பூத்ததும் ஒரு காலைவேளையில் பக்கத்தில் குத்தவைத்து உட்காருங்கள். முதலில் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு பட்டை. துளசிக்கும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் காரமான பச்சை வாசம். கணுவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணங்கள் நெருக்கியடித்து உருண்டையாக நிற்கும். எல்லாம் ஒன்றாகப் பூப்பதில்லை. இங்கொன்று அங்கொன்றாக வெள்ளை நாக்கு நீட்டும். அந்த நாக்கு தேனீ வந்து உட்காரும் திண்ணை. அதற்கு மேலே மயிரடர்ந்த குட்டி முக்காடு ஒன்று உண்டு. லென்ஸ் இருந்தால் எடுத்து வாருங்கள், அதைப் பார்க்கவே. மகரந்தம் ஒளிந்திருப்பது அதற்குள்தான். தேனுக்காகத் தேனீ தலையை நுழைக்கும்போது மேலிருந்து பூசிவிடும்.

ஒரு பூவை மெல்ல இழுங்கள், கழன்று வரும். அடிக்குழலை உறிஞ்சினால் ஊசிமுனையளவு இனிப்பு. எறும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவனுக்குச் சூட்டுவதும் இதைத்தான். போர்க்களத்தில் மறவர்கள் சூடியதும் இதைத்தான். தொல்காப்பியத்தில் ஒரு புறத்திணைக்கே தும்பை என்று பெயர். இத்தனூண்டு பூவைத் தொடுக்க எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பது தொட்டியருகே உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பூ உதிர்ந்தபின் செடி பழுத்து, காய்ந்து, பார்க்கவே அலங்கோலமாகிவிடும். போன வருடம் தோட்ட வேலைக்கு வந்தவர் அந்த நிலையில் பிடுங்கி எறிந்துவிட்டார். இந்த வருடம் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் நான்கு விதைகள் வரை இருக்கும். அவை கொட்டி முடியும்வரை காய்ந்த செடியைத் தொடாதீர்கள்.