சேற்றில் நிற்கும் பறவை

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஏப்ரல் மாதம் கோலசிலாங்கூர் கரையில் நின்றால் ஒரு பருவம் முடிவது தெரியும். தண்ணீர் இறங்கிய சேற்றில் உள்ளான்கள் அவசர அவசரமாகக் குத்தித் தின்றுகொண்டிருக்கும். வடக்கே, முட்டையிடும் ஊர்களுக்குக் கிளம்ப வேண்டியவை அவை.

அந்தப் பக்கம் எனக்குக் கடலோரத் தடுப்புக்கரை வேலை. சுற்றுச்சூழல் அறிக்கையின் பின்னிணைப்பில் பறவைகளுக்கு ஓர் அட்டவணை இருந்தது. கட்டங்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியது நான்தான். சைட்டுக்குப் போனால் அதே பறவைகள் எதிரே நிற்கும். ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் ரேச்சல் கார்சனின் ‘அண்டர் தி சீ விண்ட்’ புத்தகத்தை எடுத்தேன்.

1941 நவம்பரில் வந்த புத்தகம். அடுத்த மாதமே பேர்ல் ஹார்பர் தாக்குதல். யாரும் சீண்டவில்லை. 1952இல் மறுபதிப்பு வந்தபோதுதான் நன்றாக விற்றது. கார்சன் இதில் உயிர்களுக்குப் பெயர் வைக்கிறார். ஸ்கிம்மர் பறவையின் அறிவியல் பெயரே ‘ரின்கோப்ஸ்’ என்று அதன் சொந்தப் பெயராகிறது. ‘சில்வர்பார்’ என்ற உள்ளான் ஆர்க்டிக் வரை பறக்கிறது. அங்கே பனிப்புயலில் ஓர் ஆந்தையின் முட்டைகள் மூடிப்போகின்றன, உள்ளிருந்த உயிர்கள் அணைகின்றன. கார்சன் அழவில்லை, நம்மையும் அழச் சொல்லவில்லை. அடுத்த பத்தியில் பசியோடு இருக்கும் வேறொன்றைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இதைப் படித்த பிறகு நம் கதைகள் கவிதைகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, நான் எழுதிப் பார்த்தவற்றையும் சேர்த்துத்தான். நம் எழுத்தில் கொக்கு வந்தால் அது தனிமை. மின்மினி வந்தால் நம்பிக்கை. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னுவது ஆண் மின்மினிகள், பெண்ணைக் கூப்பிடுகின்றன. அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரை ஈரமண்ணில் நத்தை தின்று வளர்பவை. கரையை வெட்டிச் செம்பனை நட்டால் விளக்கு அணையும். உவமைக்கு இந்தச் சேறு தேவையில்லை, பூச்சிக்குத் தேவை. சேறு இல்லாத மின்மினியை எழுதிக்கொண்டே இருந்தால், அது காணாமல் போன பிறகும் நம் கவிதையில் ஒரு குறையும் தெரியாது. எனக்குப் பயம் அதுதான்.

உவமையே கூடாதா என்று கேட்கலாம். குறுந்தொகையில் கபிலர் ஒரு குருகை நிறுத்துகிறார். தலைவியின் களவு மணத்துக்கு வேறு சாட்சி இல்லை. அதுவோ ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய துக்கம் அதற்குத் தெரியாது. அது பறவையாக இருப்பதால்தான் அந்தத் துக்கம் இன்னும் கனக்கிறது. கபிலர் உவமைக்கு முன்னால் பறவையைப் பார்த்திருக்கிறார்.

கார்சனிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் கடலில் மனிதர்கள் பெரும்பாலும் வலையாகவே வருகிறார்கள். நம் கரையில் அது முடியாது. உள்ளான் குத்தும் அதே சேற்றில்தான் பலகையைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கெராங் பொறுக்குகிறார். இருவருக்கும் ஒரே வற்று நேரம். அந்தக் கதையை அமெரிக்காவில் இருந்து யாரும் வந்து எழுத மாட்டார்கள்.

இப்போது ஏழெட்டுப் பறவைகளை என்னால் பெயர் சொல்லிக் காட்ட முடியும். போன கூட்டத்தில், கரையை உயர்த்திய பிறகு வற்றில் எவ்வளவு சேறு மிஞ்சும் என்று கேட்டேன். கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டிருக்கிறேன்.