டைனோசர் எந்த கேஜில் நடந்தது?

கேஜ் என்றால் என்னவென்று நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர் என்றால் மீட்டர் கேஜ், 1676 என்றால் பிராட் கேஜ். எழும்பூரில் மீட்டர் கேஜில் கிளம்பிய வண்டி விழுப்புரம் போய்ச் சேரும்போது பிராட் கேஜில் ஓடிக்கொண்டிருக்காது.

இந்த ரயில்வே சொல்லைத்தான் தொல்லுயிரியல்காரர்கள் எடுத்து, சாரோபாட் டைனோசர்களின் காலடித் தடங்களைப் பிரிக்கப் பயன்படுத்துகிறார்கள். சாரோபாட் என்றால் நீளக் கழுத்து, நீள வால், நான்கு தூண் மாதிரிக் கால்கள் கொண்ட பெரிய தாவர உண்ணி. அது நடந்துபோன தடத்தில் இடது காலடிகளும் வலது காலடிகளும் நடுக்கோட்டை ஒட்டி விழுந்திருந்தால் 'குறுகிய கேஜ்'. நடுக்கோட்டிலிருந்து விலகி, இடைவெளி விட்டு விழுந்திருந்தால் 'அகல கேஜ்'. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்த உவமையே நம்மைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்பதுதான் என் வாதம். நானும் அப்படிப் போனவன்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1938-ல் ரோலண்ட் பேர்ட் என்பவர், நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடிக்கொண்டிருந்தபோது, டெக்சாஸில் பலக்ஸி ஆற்றுப் படுகையில் சாரோபாட் தடங்களைப் பார்த்தார். பிறகு அதில் ஒரு பகுதியைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே அது அபடோசாரஸ் எலும்புக்கூட்டுக்குப் பின்னால், அந்த விலங்கே நடந்துவந்த வழி மாதிரி வைக்கப்பட்டது. பார்க்க அட்டகாசம். ஒரே சிக்கல், அபடோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தத் தடம் பதிந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன். நடுவில் 4 கோடி வருஷம்!

தடத்தையும் விலங்கையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் தடங்களுக்குத் தனிப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கிறது. 1989-ல் ஃபார்லோ, பிட்மேன், ஹாதார்ன் மூவரும் டெக்சாஸ் தடங்களுக்கு 'பிரான்டோபோடஸ் பேர்டி' என்று பெயர் வைத்தார்கள். 'பேர்டி' என்பது ரோலண்ட் பேர்டின் நினைவாக. இது விலங்கின் பெயர் இல்லை, தடத்தின் பெயர். இதன் அருமை பின்னால்தான் தெரிந்தது. டெக்சாஸின் அந்தச் சாரோபாட் எலும்புகளை முதலில் பிளூரோசீலஸ் என்றார்கள், அப்புறம் பலக்ஸிசாரஸ் என்றார்கள், இப்போது பலர் சாரோபொசைடன் என்கிறார்கள். எலும்பின் பெயர் இத்தனை தடவை மாறியும் தடத்தின் பெயர் அசையவில்லை. மென்பொருளில் ஒரு பகுதியை மாற்றினால் இன்னொன்று உடையாத மாதிரி எழுதச் சொல்வோமே, அதேதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1994-ல் மார்ட்டின் லாக்லி, ஜேம்ஸ் ஃபார்லோ, கிறிஸ்டியன் மேயர் மூவரும் 'காயா' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரான்டோபோடஸ் அகல கேஜ். அதற்கு எதிர்ப்பக்கமாக, கொலராடோவின் பர்கடோயர் ஆற்றங்கரைத் தடங்களை வைத்துப் 'பாராபிரான்டோபோடஸ்' என்ற புதிய பெயரைக் கொடுத்தார்கள். இது குறுகிய கேஜ். கூடவே இன்னொரு அடையாளமும் உண்டு. பிரான்டோபோடஸில் முன்கால் தடத்தின் பரப்பு பின்கால் தடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாராபிரான்டோபோடஸில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான்.

இந்தக் கட்டுரைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். குளிப்பாட்டும் தொட்டி அளவுக்குப் பள்ளம் கிடைத்தால் 'பிரான்டோசாரஸ் காலடி' என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இருந்த துறையில், எதைப் பார்த்துப் பிரிக்கணும் என்று இவர்கள் சொன்னார்கள். ஜுராசிக் பாறைகளில் குறுகியவை நிறைய, கிரெட்டேசியஸில் அகலமானவை நிறைய என்ற போக்கையும் கவனித்தார்கள். கிரெட்டேசியஸில் அகலத் தடங்களே மிகுதி என்பது இன்றும் பெரும்பாலும் நிற்கிறது.

பிரச்சினை எங்கே? கேஜ் என்பது இரண்டு பெட்டி இல்லை, தொடர்ச்சியான ஓர் அளவு. பின்கால் தடங்களின் இடது வலது அகலத்தை, பின்கால் தடத்தின் நீளத்தால் வகுத்து ஓர் எண்ணாகச் சொல்லும் முறையை டேனியல் மார்ட்டி பின்னாளில் கொண்டுவந்தார். 1.0-க்குக் கீழே குறுகியது, 1.0 முதல் 1.2 வரை நடுத்தரம், 1.2-க்கு மேல் அகலம், 2.0-ஐத் தாண்டினால் மிக அகலம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தடம் 80 சென்டிமீட்டர் நீளம், அகலம் 76 என்றால் 0.95, குறுகியது. அகலம் 100 என்றால் 1.25, அகல கேஜ். வித்தியாசம் 24 சென்டிமீட்டர். யானையை விடப் பெரிய ஒரு விலங்கு ஈரச் சேற்றில் கொஞ்சம் காலை அகட்டி வைத்தாலே இது வந்துவிடும்.

இது என் கற்பனை இல்லை. 2012-ல் ஸ்பெயின் நாட்டுத் தடங்களை ஆராய்ந்தவர்கள், நடக்கும் விதத்தைப் பொறுத்தே கேஜ் மாறுகிறது என்று காட்டினார்கள். தென்மேற்குக் கொலராடோவில் வெஸ்ட் கோல்டு ஹில் என்ற இடத்தில், ஒரு சாரோபாட் நேராகப் போகாமல் வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிப்போன தடம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட காலடிகள். 2025-ல் வெளிவந்த ஆய்வு, அந்த ஒரே தடத்துக்குள்ளேயே கேஜ் குறுகியும் அகன்றும் மாறுவதை அளந்து சொன்னது. அந்தப் பாறையில் ஒரு துண்டு மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால்? எந்தத் துண்டு கிடைத்ததோ அதற்கேற்ற பெட்டியில் போட்டிருப்போம்.

இரண்டாவது பிரச்சினை மண். 1994 வரையறையில் முக்கியமான கேள்வி, நடுக்கோட்டில் இடைவெளி இருக்கா இல்லையா என்பது. ஆனால் நாம் பார்ப்பது எப்போதும் கால் பட்ட அதே மேற்பரப்பு இல்லை. பல டன் எடை அழுத்தும்போது கீழே உள்ள மண் அடுக்குகளும் குழிகின்றன. மேலடுக்கு அரித்துப்போய் அந்தக் கீழ்க்குழி மட்டும் வெளியே தெரியும்போது, அதன் விளிம்பு காலின் உண்மை அளவை விடப் பெரிதாக இருக்கலாம். விளிம்புகள் பெருத்தால் நடு இடைவெளி காணாமல் போகும். அகலமாக நடந்த விலங்கும் குறுகியதாகத் தெரியும்.

முன்கால், பின்கால் விகிதத்துக்கும் இதே கதிதான். சில சாரோபாட் தடங்களில் முன்கால் பதிவு மட்டுமே இருக்கிறது, பின்காலே இல்லை. டெக்சாஸில் அப்படி ஒன்றைப் பார்த்த பேர்ட், விலங்கு நீரில் மிதந்தபடி முன்காலால் தள்ளிப் போயிருக்கும் என்று நினைத்தார். 2011-ல் ஃபால்கிங்ஹாம் குழு கணினி உருவகப்படுத்தலில் வேறு விளக்கம் கொடுத்தது. முன்கால் பாதம் சிறியது, எடைப் பங்கீட்டைப் பொறுத்து அதன்கீழ் அழுத்தம் அதிகமாகலாம், மண் ஒரு குறிப்பிட்ட உறுதியில் இருந்தால் முன்கால் மட்டும் பதியும். நீச்சலே தேவையில்லை. மண்ணின் உறுதி ஒரு காலையே மறைத்துவிடும் என்றால், மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்பதை வைத்துப் பேரினம் பிரிப்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

மூன்றாவதுதான் பெரியது. பெயரிலிருந்து விலங்குக்குத் தாவுவது. 1999-ல் வில்சனும் கர்ரானோவும், டைட்டனோசார்களின் இடுப்பும் தொடை எலும்பும் கால்களை வெளிப்பக்கமாக வைக்கும் அமைப்புடையவை, ஆகவே அகல கேஜ் தடங்கள் அவற்றுடையவை என்று வாதிட்டார்கள். எலும்பிலிருந்து நடைக்குப் போகும் அவர்களுடைய உடற்கூறு வாதம் வலுவானது. அதைத் தலைகீழாகப் போட்டு, அகலமா இருந்தா டைட்டனோசார் என்று படிக்கும்போதுதான் வழுக்குகிறது. போர்ச்சுகலில் கலின்யா என்ற கல்குவாரியில், அதே 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட தடங்கள் மத்திய ஜுராசிக் காலத்தவை. அதில் ஒரு தடம் 147 மீட்டர் நீளம். அகல கேஜ்தான். ஆனால் முன்கால் கட்டைவிரலில் பெரிய நகம் பதிந்திருக்கிறது. டைட்டனோசார்களுக்கு அந்த நகம் இல்லாமலே போய்விட்டது. 2009-ல் இதற்குப் 'பாலியோனிக்ஸ்' என்று பெயர் வைத்தவர்கள், டைட்டனோசார் வழியில் வராத, அதைவிடப் பழைய வகைச் சாரோபாட் ஒன்றுதான் இப்படி நடந்தது என்றார்கள். அகல நடை ஒரு குடும்பத்தின் சொத்து இல்லை என்றாகிறது.

இங்கே என் தப்பு. சில வருஷங்களுக்கு முன், ஜுராசிக் அகலத் தடங்களை வைத்து 'டைட்டனோசார் பரம்பரை அவ்வளவு பழையது' என்று ஒரு குறிப்பு எழுதினேன். கேஜ் என்ற ஒரே ஒரு அடையாளத்தை நம்பி எழுதியது. அதைத் திரும்பப் பெறுகிறேன். இருபது வருஷமாக டேட்டாபேஸோடு மல்லுக்கட்டும் எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். எண்ணை வாங்கி, 'சிறியது', 'பெரியது' என்று மாற்றிச் சேமித்துவிட்டு, மூல எண்ணை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் நானே ஒரு வார இறுதியைத் தொலைத்துக் கற்றிருக்கிறேன். எல்லைக்கோட்டை நகர்த்த வேண்டி வந்தால் திரும்பிப் போக வழியில்லை.

பெயர்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிரான்டோபோடஸ் என்ற பெயர் இருந்ததால்தான் எலும்புச் சண்டையில் தடம் சிக்காமல் தப்பித்தது. நான் கேட்பது, நடையை வைத்து மட்டும் பெயர் வைக்காதீர்கள், பாதத்தின் வடிவத்தை வைத்து வையுங்கள் என்பது. விரல் எத்தனை, நகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கட்டைவிரல் நகம் உண்டா என்பவை காலை அகட்டி வைத்தாலும் மாறாது. கேஜை எண்ணாக, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். முப்பரிமாணப் பதிவையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று 2018-ல் தடவியல் ஆய்வாளர்கள் கூட்டாக ஒரு நடைமுறையே பரிந்துரைத்திருக்கிறார்கள். அது இருந்தால், நாளைக்கு யார் எல்லையை மாற்றினாலும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்திருப்பவன் கூடத் திரும்ப அளந்து பார்க்கலாம்.

இனி 'டைட்டனோசார் காலடி கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்க. அகலம் தவிர வேறென்ன அடையாளம் இருக்கிறது? எத்தனை காலடிகளை அளந்து அப்படிச் சொன்னார்கள்?