எல்லாரும் மியூட் பண்ணுங்க!

2020 ஆகஸ்டில் ஒரு காலை, எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒரு வகுப்பறை நடந்துகொண்டிருந்தது. வகுப்பறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி, அதன்மேல் இஸ்திரிக்காரரின் மகள், அவள் கையில் அப்பாவின் விரிசல் விட்ட செல்போன். அஞ்சாங்கிளாஸ். போனுக்குள்ளிருந்து டீச்சர் குரல்: 'எல்லாரும் மியூட் பண்ணுங்க. இல்லேன்னா வெளிய அனுப்பிடுவேன்.' அவள் சமர்த்தாக மியூட் பண்ணினாள். அன்றைக்கு அந்த வகுப்பில் அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வீட்டுக் குக்கர் விசில், நாய், பாட்டி, சீரியல் அழுகை எல்லாம் ஒரே சமயத்தில் காதில் விழுந்தால் நீங்களும் நானும் வேறென்ன செய்திருப்போம்?

மறு வாரம் சட்டை வாங்கப் போனபோது (ஆறடி தள்ளி, மாஸ்க் சகிதம்) 'தமிழ் புக்கை எடு, ஒரு பாடம் படி பார்க்கலாம்' என்றேன். கடகடவென்று படித்தாள். எனக்குச் சந்தேகம், ஏனென்றால் கண் புஸ்தகத்தில் இல்லை, எதிரே வேப்ப மரத்தில் இருந்தது. முதல் இரண்டு வரியைக் கட்டை விரலால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்றேன். மௌனம். அடுத்த சொல். மௌனம். பாடம் முழுக்க மனப்பாடம்! அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போன பெண்ணுக்குப் படிக்க வரவில்லை. யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க அவள் செலவழித்த மூளையில் பாதி போதும், நாலு மொழி படித்திருக்கலாம்.

கூர்ந்து பார்த்ததில் அவள் தடுக்கி விழுந்த இடங்கள் எல்லாம் கொம்பு. 'கொடி' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியது 'க்'. அதற்கப்புறம் ஒரு கால் வந்து, 'கெ' இல்லை, 'கொ' என்கிறது. நமக்கெல்லாம் மறந்தே போய்விட்ட சர்க்கஸ் இது. போதாததற்கு 'பகல்' என்று எழுதி 'பஹல்' மாதிரிச் சொல்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை ப-க-ல் என்று மூன்று கட்டையாக அடுக்கிவிட்டு, அது தனக்குத் தெரிந்த பகல்தான் என்று புரியாமல் முழிக்கிறது.

அவள் தனி ஆள் இல்லை. பிரதம் என்ற அமைப்பு 2005-லிருந்து 'அசர்' என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. கிராமத்து வீடுகளுக்குப் போய், ஒரு தாளை நீட்டி, எழுத்து, சொல், ஒரு சின்னப் பாரா, இரண்டாம் வகுப்புக் கதை என்று ஒவ்வொரு குழந்தையாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-ல் 50.5 சதவீதம். பள்ளிகள் மூடித் திறந்த பிறகு 2022-ல் 42.8. 2024 கணக்கில் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பது ஆறுதல்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது சதவீதத்தை அல்ல, முறையை. ஒரு குழந்தைக்குப் படிக்க வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. அது படிக்கவேண்டும், ஒருத்தர் கேட்கவேண்டும். கற்றுக்கொடுக்கவும் அதே வழிதான். டெக்னாலஜி என்ற பெயரில் நம்மிடம் வரும் பெரும்பாலான சரக்கு இதைத் தலைகீழாகச் செய்கிறது. அது பேசும், குழந்தை கேட்கவேண்டும்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் ஆரம்பித்தது. கொரோனாவில் அது இருந்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் டி.வி-க்குக் காது கிடையாது. ஆன்லைன் வகுப்புக்குக் காது உண்டு. அதைத்தான் முதல் வேலையாக அடைத்தோம். லாப்டாப் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நிக்கலஸ் நெக்ரோபான்டி 2005-ல் ஆரம்பித்த இயக்கத்தை நம்பிப் பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிப் போட்டது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் சொன்னார்கள்: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி கொடுத்தால் பெட்டிதான் கிடைக்கும்.

சரி, காது உள்ள மெஷின் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மாஸ்டோ என்பவர் 1990-களிலேயே, குழந்தை படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்தார். அதற்குக் காதாக இருந்தது 'ஸ்பிங்க்ஸ்' என்ற பேச்சறியும் மென்பொருள். அந்தத் துறையையே அங்கே வளர்த்துவிட்டவர் ராஜ் ரெட்டி. சித்தூர்ப் பக்கம் காட்டூரில் பிறந்து, 1958-ல் நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் சிவில் முடித்தவர். 1994-ல் டூரிங் விருது வாங்கினார். பாலம் கட்டப் படித்தவர் மெஷினுக்குக் காது வைத்ததைக் கிண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மாஸ்டோ குழுவின் கொள்கை ஒன்று எனக்குப் பிடிக்கும். குழந்தை செய்த தப்பு ஒன்றை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, சரியாகப் படித்ததைத் தப்பு என்று சொல்லிவிடக்கூடாது. நம்மூரில் எத்தனை வாத்தியார்களுக்கு இந்தக் கொள்கை?

அந்த வம்சத்தில் வந்ததுதான் கூகுள் 2019 மார்ச்சில் இந்தியாவில் விட்ட 'போலோ'. தியா என்று ஒரு கார்ட்டூன் பெண். குழந்தை கதையை வாய்விட்டுப் படித்தால் கேட்டுக்கொண்டே வருவாள், தடுக்கினால் எடுத்துக் கொடுப்பாள், சரியாகச் சொன்னால் நட்சத்திரம். கதையை ஒரு தடவை இறக்கிவைத்துக்கொண்டால் நெட் வேண்டாம். முதலில் உத்தரப்பிரதேசத்தில் 200 கிராமங்களில் ஓட்டிப் பார்த்து, மூன்று மாதத்தில் 64 சதவீதக் குழந்தைகளுக்கு வாசிப்பு முன்னேறியது என்றார்கள். (இப்படிச் சதவீதம் கண்ணில் பட்டால், 'அந்த மூன்று மாதத்தில் ஆப் இல்லாத குழந்தைகள் எத்தனை பேர் முன்னேறினார்கள்?' என்று ஒரு தடவை மனசுக்குள் கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.) பிறகு தமிழும் வந்தது, பெயர் 'ரீட் அலாங்' ஆனது.

அதை இஸ்திரிக்காரர் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் விஷயம், வெட்கம் போயிற்று. என்னிடம் ஒரு சொல்லில் தடுக்கினால் தலை குனிந்துவிடும். தியாவிடம் அதே சொல்லைப் பதினோரு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் எண்ணினேன். பதினோராவது தடவையும் தியா கொட்டாவி விடவில்லை, உச்சுக் கொட்டவில்லை, 'உன் வயசுல நாங்கள்லாம்' என்று ஆரம்பிக்கவில்லை. இந்தப் பொறுமையை எந்த மனுஷனும் தினம் தரமுடியாது. மூன்றாம் வாரம் கொம்பெல்லாம் வழிக்கு வந்துவிட்டது. இதற்காக மட்டுமே அந்த ஆப்புக்கு ஒரு நமஸ்காரம்.

இரண்டாவது விஷயம் தகராறு. கதையில் 'நரி ஓடி வந்துகொண்டிருந்தது' என்று இருந்தது. அவள் படித்தாள்: 'நரி ஓடி வந்துட்டிருந்துச்சு.' தியா அங்கேயே நின்றுவிட்டாள். மறுபடி 'வந்துட்டிருந்துச்சு.' ஊஹும். அவளுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. தப்பே இல்லையே! எழுத்தைப் பார்த்து, சொல்லைப் பிடித்து, அர்த்தத்தைப் புரிந்துகொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாக நிஜமாகவே படித்தாள் என்பேன். கென்னத் குட்மன் என்ற அமெரிக்கர் 1960-களில், குழந்தை படிக்கும்போது செய்யும் தப்பெல்லாம் ஒரே ஜாதி இல்லை என்று பிரித்துக் காட்டினார். அர்த்தத்தைக் கெடுக்கும் தப்பு வேறு, அர்த்தம் புரிந்ததால் வரும் தப்பு வேறு. (அவருடைய மற்றக் கொள்கைகள் பிற்பாடு நன்றாக அடி வாங்கின. இந்தக் கவனிப்பு மட்டும் நிற்கிறது.) எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று வாழ்கிற தமிழில் இந்த இரண்டாவது ரகம் ஏராளம். அதே கதையில் 'வாழைப்பழம்' வந்தபோது சுத்தமான சென்னைப் பாணியில் 'வாயப்பயம்' என்றாள். அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது மெஷின்! மறுநாள் அதே சொல்லுக்குக் கொடுக்கவில்லை. என்ன கணக்கோ.

விளைவு என்ன ஆச்சென்றால், அவள் தியாவுக்காகச் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தாள். 'வந்து-கொண்டி-ருந்தது.' நட்சத்திரம் குவிந்தது. 'நரி எதுக்கு ஓடிச்சு?' என்று கேட்டேன். 'தெரியல தாத்தா.' மறுபடி வேப்ப மரம்.

ஆப்பைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவரவில்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கம்ப்யூட்டர் பாடத்தை முரளிதரன், அபிஜீத் சிங், கனிமியன் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கு, ஹிந்தி இரண்டிலும் நிஜமான ஏற்றம். காரணம் எளிமை. பையன் எட்டாம் வகுப்பில் இருந்தாலும், அவனுக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்புப் பாடம் என்றால் மெஷின் கூசாமல் அங்கிருந்து ஆரம்பிக்கிறது. வகுப்பில் ஆசிரியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, சிலபஸ் துரத்துகிறது. ஆக மெஷினுக்குப் பொறுமை உண்டு, படிநிலை பார்க்கும் புத்தி உண்டு. இல்லாதது ஒன்றுதான். அதற்குக் கதையில் அக்கறை கிடையாது.

அக்கறைக்கு ஆளைப் பிடிக்க ஸ்கிரீன் உதவாதா? உதவும், சுகதா மித்ரா காட்டியிருக்கிறார். 1999-ல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தவர். அதை ரொம்பவும்தான் கொண்டாடினோம். அல்மோராப் பக்கம் அப்படி வைத்த இரண்டு இடங்களில் அது என்ன ஆயிற்று என்று விசாரித்த பாயல் அரோரா, இரண்டுமே கைவிடப்பட்டதை 2010-ல் எழுதினார். மித்ராவே நம் காளிக்குப்பத்தில் செய்த சோதனையில், பிள்ளைகள் தானாகக் கற்றது ஒரு அளவில் நின்றுவிட, பாடம் தெரியாத ஒரு பெண்ணைப் பின்னால் நிறுத்தி 'அட, எப்படிம்மா செஞ்ச?' என்று பாட்டி மாதிரி வியக்கச் சொன்னார். மார்க் மறுபடி ஏறியது! பிறகு 2009-ல் பிரிட்டனில் பாட்டிகளைத் திரட்டி, ஸ்கைப் வழியாக இந்தியக் குழந்தைகளுக்குக் கதை படிக்கவும் அவர்களோடு பேசவும் வைத்தார். நான் பார்த்த வரைக்கும் விர்ச்சுவல் வகுப்பறைக்கு ஆகச் சரியான உபயோகம் இதுதான். ஒரு ஸ்கிரீன், இரண்டு மூன்று குழந்தைகள், அவசரம் இல்லாத ஒரு கிழவி. மியூட் பட்டனுக்கு வேலையில்லை.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது தெருவிலேயே ஆளைப் பிடித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். அடுத்த ஜூனில் அவர்களைக் கொண்டே ரீட் அலாங்கில் ஒரு வாசிப்பு மாரத்தானும் நடத்தினார்கள். கோடிக் கணக்கில் சொற்கள் படிக்கப்பட்டதாகச் சேதி. கோடி என்று யாராவது சொன்னால் அதைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுங்கள், அப்புறம் நாள்களின் எண்ணிக்கையால் வகுங்கள். மிஞ்சுவது ஒரு குழந்தைக்கு எத்தனை நிமிஷ வாசிப்பு என்று பாருங்கள். எனக்கு முக்கியம் மாரத்தான் இல்லை, பாய் விரித்து உட்கார்ந்து கேட்ட அந்த அக்காக்கள்.

செலவில்லாத டெக்னாலஜி ஒன்றும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி, சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால் அரைகுறையாகப் படிப்பவர்கள் தன்னையறியாமல் படிப்பார்கள் என்று 1996-ல் யோசித்து, 1999-ல் குஜராத்தி டி.வி-யில் ஆரம்பித்து, தூர்தர்ஷன் 'ரங்கோலி' வரை கொண்டுபோனார். பாட்டு ஏற்கெனவே காதில் இருக்கிறது, கண் போய் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்றைக்குத் தமிழில் லிரிக் வீடியோ இல்லாத பாட்டு உண்டா? ஆனால் பலவற்றில் வரிகள் ஆங்கில எழுத்தில்! கோடிப் பேர் பார்க்கும் இலவசப் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் தமிழைத் தமிழில் அச்சடிக்க மறந்துவிட்டார்கள் பாட்டுக் கம்பெனிக்காரர்கள்.

இஸ்திரிக்காரருக்குப் படிக்கத் தெரியாது. 'நமக்கு அந்த பாக்கியம் இல்ல சார்' என்பார். அடுத்த ஜனவரியில் ஒரு நாள் சட்டைக்குப் போனபோது போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அவள் வாளியில் உட்கார்ந்து நான் கொடுத்த கதைப் புஸ்தகத்தை அப்பாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 'வந்துட்டிருந்துச்சு', 'சொல்லிட்டு போயிடுச்சு' என்று பாதிச் சொல் புஸ்தகத்தில் இல்லாதது. நான் திருத்தவில்லை. திருப்பத்தில் அவள் பக்கத்தைப் புரட்டக் கொஞ்சம் நிறுத்தினாள். அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

'அப்புறம்?'

பெட்டிக்கு நேர் கீழே என் வெள்ளைச் சட்டை. கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.