எழுவாய் இல்லாத திட்டங்கள்

அண்மையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூலோபாயத் திட்ட நூலை வாசித்தேன். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு வினைச்சொல்தான் முதலில் கண்ணில் படும். 'மேம்படுத்தப்படும்', 'விரிவாக்கப்படும்', 'நிறுவப்படும்'. யாரால்? எழுவாயைக் காணோம். 'கைவிடப்படும்' என்ற சொல்லோ ஒரு பக்கத்திலும் இல்லை.

பல செயற்றிட்டங்களை ஒரு தொகுப்பாக முகாமை செய்வதென்றால், இருக்கிற பணத்துக்கும் ஆளணிக்கும் எது முந்தி, எது பிந்தி, எதை விடுவது என்று தீர்மானிப்பது. எல்லாவற்றையும் எழுதிவைத்தால் அது பட்டியல் மட்டுமே.

நமது உயர்கல்விக்கு உலக வங்கியின் செயற்றிட்டங்கள் வரிசையாக வந்தன: 2003 இல் ஒன்று, 2010 இல் ஒன்று, 2017 இல் 10 கோடி டொலர் ஒதுக்கீட்டுடன் 'அஹெட்'. பீடங்களும் துறைகளும் முன்மொழிவு எழுதி, போட்டியிட்டு மானியம் பெற்றன. பயனில்லை என்று சொல்ல மாட்டேன். கருவிகள் வந்தன, பாடத்திட்டங்கள் திருந்தின. ஆனால் மானியத்துக்கு முடிவுத் திகதி உண்டு, பராமரிப்புக்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் என் மாணவர்களை ஒரு பீடத்துக்குக் கூட்டிப்போனேன். மொழி ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. ஏனென்று கேட்டேன்.

"அந்தப் புரொஜெக்ட் முடிஞ்சிட்டு சேர்" என்றார் ஊழியர்.

பணம் முடிந்தது சரி. பிள்ளைகளின் படிப்புமா முடிந்தது?

ஒவ்வொரு செயற்றிட்டத்தின் கீழும் இரண்டு வரி இருக்கட்டும்: பணம் முடிந்த பிறகு இதை நடத்துபவர் யார்? இதற்காக நாம் எதை நிறுத்துகிறோம்? அந்த இரண்டு வரியும் இல்லாத நூலுக்குப் பல்கலைக்கழகப் பேரவை அங்கீகாரம் கொடுக்கக் கூடாது.