கிருஷ்ணனின் பிப்ரவரி

பிளானோவில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் அறிவியல் தலைப்பு கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் சி.வி. ராமனோடு வந்து நிற்பார்கள். எல்லாப் பேச்சும் ஒரே வார்ப்பு. 1921, எஸ்.எஸ். நார்குண்டா கப்பல், மத்தியதரைக் கடலின் நீலம். ஒரே தாவலில் 1928 பிப்ரவரி 28. அடுத்த தாவலில் 1930, நோபல் பரிசு, கைதட்டல். நடுவில் ஏழு ஆண்டுகள் எங்கே போயின என்று பிள்ளைகள் கேட்பதில்லை. எழுதிக் கொடுக்கும் பெற்றோர்களான நாமும் கேட்டதில்லை.

அந்த ஏழு ஆண்டுகளின் கடைசி மூன்று வாரங்களுக்கு ஓர் எழுத்துச் சாட்சி இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்து, கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வகத்தில் ராமனோடு வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு அது. ராமனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். டி.சி.வி. மல்லிக் 2000இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் நம்மிடையே அது பேசப்படும்போதெல்லாம் வழக்குமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணமாகிவிடுகிறது. கண்டுபிடித்தது ராமனா, கிருஷ்ணனா? கிருஷ்ணனுக்கு அநியாயம் நடந்ததா? இந்தக் கேள்விகளுக்காக மட்டும் வாசிப்பது அந்தப் பக்கங்களைப் பாழடிப்பது என்று நினைக்கிறேன். ஆய்வக வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நம்மவர் ஒருவர் எழுதியவற்றில் நான் படித்த மிகச் சிறந்த பக்கங்கள் அவை.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி மிகச் சிறியது. 2003இல் முதுநிலைப் படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு பல்கலைக்கழக உயிர் இயற்பியல் ஆய்வகத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். புரதங்கள் மடிவதையும் குலைவதையும் ஃப்ளூரசன்ஸ் மூலம் பார்ப்பது வேலை. தமிழில் ஒளிர்வு எனலாம். ஒரு நிறத்தில் ஒளியை வாங்கிக்கொண்ட மூலக்கூறு, சற்றுப் பொறுத்து, இன்னொரு நிறத்தில் திருப்பித் தருவது. சற்று என்றால் சில நானோநொடிகள். புரதத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இப்படி ஒளிரும். அது புரதத்தின் மடிப்புக்குள் புதைந்திருந்தால் ஏறத்தாழ 330 நானோமீட்டரில் ஒளிரும், வெளியே தண்ணீர் பட்டுக் கிடந்தால் 350க்குப் பக்கத்தில். இந்த இருபது நானோமீட்டரை நம்பித்தான் எங்கள் லேப் ஓடியது.

நாள் முழுக்க மற்றவர்கள் கருவியைப் பிடித்துவைத்திருப்பார்கள். புதியவனுக்கு இரவுதான் கிடைக்கும். ஒரு மாதம் பாடுபட்டுச் சுத்திகரித்த புரதம், மிகவும் நீர்த்த கரைசல், 295 நானோமீட்டர் ஒளி. 328இல் அழகாக ஒரு சிறு மேடு எழுந்தது. மடிந்துவிட்டது என்று துள்ளினேன். மூத்த மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். புரதமே இல்லாமல் வெறும் பஃபரை வைக்கச் சொன்னார். அதே மேடு. ஒளியை 290க்கு மாற்றச் சொன்னார். மேடு 322க்கு நகர்ந்தது. ஒளிர்வு அப்படி நகராது, சிதறல்தான் உள்ளே வரும் ஒளியோடு கூடவே நகரும். நான் கொண்டாடியது தண்ணீரின் ராமன் சிதறலை. "உங்க ஊர்க்காரர்தானே?" என்றார் அவர்.

கிருஷ்ணனின் நாட்குறிப்பைப் பல வருடம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. எனக்கு நேர்ந்ததேதான் அங்கேயும் நடந்திருக்கிறது. அவர்களுக்கு அது ஐந்து வருடம் நீடித்தது.

1923இல் கே.ஆர். ராமநாதன், கல்பாத்திக்காரர், தண்ணீரில் சூரிய ஒளி சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிறம் மாறிய ஒரு மங்கல் வெளிச்சத்தைக் கண்டார். அழுக்காக இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார். போகவில்லை. 'பலவீனமான ஃப்ளூரசன்ஸ்' என்று பெயரிட்டு எழுதினார்கள். பிறகு கிருஷ்ணனே வேறு பல திரவங்களில் அதைப் பார்த்தார். ராமனுக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. தெரிந்த பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் எதற்குத் துருவிப் பார்ப்பது?

நாட்குறிப்பின் பிப்ரவரி 5ஆம் தேதிப் பக்கம் இதற்குச் சம்பந்தமில்லாததுபோல் தொடங்குகிறது. சில ஆண்டுகளாகக் கோட்பாட்டு வேலையிலேயே இருந்துவிட்ட கிருஷ்ணனை மறுபடி சோதனைப் பக்கம் இழுக்கிறார் பேராசிரியர். கிருஷ்ணன் அவரைப் பேராசிரியர் என்றே எழுதுகிறார். 7ஆம் தேதி கிருஷ்ணன் போய்ச் சொல்கிறார்: எல்லாச் சுத்தமான திரவங்களும் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்கின்றன, அந்த வெளிச்சம் தளவிளைவுற்றும் இருக்கிறது. அதாவது, ஒரே தளத்தில் அதிர்கிறது. ராமன் நம்பவில்லை. அறைக்குள் வந்து பார்க்கிறார். குடுவையில் பென்டேன். உள்ளே போகும் ஒளியில் நீல ஊதா வடிகட்டி, கண் முன்னால் பச்சை மஞ்சள் வடிகட்டி. ஒளித்தடம் தெரிகிறது. இது முழுவதும் ஃப்ளூரசன்ஸ் என்றா சொல்கிறாய் என்ற பொருளில் கேட்கிறார். பிறகு பச்சை மஞ்சள் வடிகட்டியையும் உள்ளே போகும் பாதைக்கே மாற்றுகிறார். தடம் அடியோடு மறைகிறது. வடிகட்டியில் கசிவில்லை என்று பொருள். வெறும் பஃபரை வை என்று என் மூத்த மாணவர் சொன்னதன் அண்ணன் இந்தச் சைகை.

பென்டேன் என்ற ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். அதற்கு முன்பே எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் இதையே பார்த்திருந்தார். வழக்கமான நீலத்துக்குப் பதில் பச்சை, நல்ல தளவிளைவு. ஆனால் கிளிசரின் பாகு மாதிரி. அதில் மூலக்கூறு சட்டென்று புரள முடியாது என்பதால் உண்மையான ஒளிர்வுகூடத் தளவிளைவோடு வரலாம். பெர்ரின் 1926இல் காட்டிய விஷயம் அது. பென்டேனோ தண்ணீரைவிட இளகியது. அதில் ஒளிரும் சிறு மூலக்கூறு நானோநொடிக்குள் பலமுறை உருண்டுவிடும், தளவிளைவு தங்காது. அங்கேயும் தங்குகிறது என்றால் அது ஒளிர்வாக இருக்க வழியில்லை. பேராசிரியரை உலுக்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் வாசிப்பு. கிருஷ்ணன் விளக்கவெல்லாம் இல்லை. குடுவையில் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறார். நல்ல ஆய்வக எழுத்துக்கு அது போதும்.

அன்றிரவு ஒன்பது மணிவாக்கில் ராமன் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கே வந்துவிடுகிறார். சாப்பிட்டுவிட்டு மாடியில் கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடும் குரல் கேட்டு இறங்கி வருகிறார்கள். காலையில் பார்த்தது இத்தனை நாள் தேடிய கிராமர்ஸ்–ஹைசன்பர்க் விளைவாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார் ராமன். வீட்டு வாசலில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசுகிறார்கள், பெயரையும் மாற்றுகிறார்கள். ஃப்ளூரசன்ஸ் போய், மாற்றமடைந்த சிதறல் என்ற பெயர் வருகிறது. மார்ச் 31 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் வந்த கடிதம், இது ஏன் ஒளிர்வு அல்ல என்று கவனமாக வாதிடுகிறது.

நாட்குறிப்பின் குறை என்று நான் கருதுவது வெங்கடேஸ்வரன் விஷயம். அவர் அலிபூரில் அரசுச் சோதனைச்சாலையில் வேதியியலாளர். ஆய்வகத்துக்கு வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் வரமுடியும். இவர்கள் சோதனை ஓடியதோ சூரிய ஒளியில், 18 செ.மீ. தொலைநோக்கி லென்ஸால் குவித்து. பகலில் அலுவலகத்தில் இருப்பவருக்குச் சூரியன் இல்லை. முதல் தடயத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் தொடர முடியாமல் போனதற்கு இவ்வளவு எளிய காரணம். கிருஷ்ணன் அவரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம். இரவு அழைப்புகளுக்கு நடுவே கதையும் கட்டுரையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்பும் நம்மில் பலருக்கு அவரைத்தான் நன்றாகப் புரியும். 1930 நோபல் உரையில் ராமன் இவர்கள் பெயர்களைச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வழக்கு நடத்துபவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வெங்கி ராமகிருஷ்ணனின் 'ஜீன் மெஷின்' (2018) போட்டியையும் பரிசு ஆசையையும் ஒளிக்காமல் எழுதிய புத்தகம், மதிக்கிறேன். ஆனால் அங்கே ஓட்டப்பந்தயம் எப்போதும் மனதில் இருக்கிறது. கிருஷ்ணனுக்கு பிப்ரவரி 7 அன்று எந்தப் பந்தயத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. நம் புலம்பெயர் கதைகளிலோ ஆய்வகம் என்பது விசாவின் ஒரு வகை, பேராசிரியர் கையெழுத்துப் போடுபவர். அங்கு குடுவையில் என்ன இருந்தது என்று எந்தக் கதையிலும் நான் படித்த நினைவில்லை.

இந்த முறை மகளின் பேச்சில் கப்பலை எடுத்துவிட்டு பென்டேனைப் போட்டேன். மூன்று நிமிடத்தில் வெங்கடேஸ்வரனுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது. அவளுக்குப் பிடித்தது வாசல் காட்சி. "ஒன்பது மணிக்கு ப்ரொஃபசர் எதுக்கு நேர்ல வந்தார், காலையில சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். நான் லேபில் இருந்த ஒன்றரை வருடத்தில் அப்படி ஓர் இரவு எனக்கு வாய்க்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.