எரிகோ வழியும் நமது அவசரமும்: ஓர் உளவியல் ஆய்வின் மதிப்பீடு

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கையில் நம்மில் பலர் எடுத்தாளும் உளவியல் ஆய்வு ஒன்றுண்டு. அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவரைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகிய இருவர் நடத்தி, 1973-இல் வெளியிட்டது அது. உவமையைப் பற்றிப் பேசச் சென்றவர்களே துன்புற்றவனைக் கடந்து போயினர், ஆகவே கற்ற போதனை நடத்தையை மாற்றுவதில்லை என்பதே நாம் அதிலிருந்து வழக்கமாக எடுக்கும் பாடம். அவ்வாய்விலிருந்து இம்முடிவு பெறப்படுமா?

ஆய்வின் அமைப்பு எளியது. 40 மாணவர் ஒவ்வொருவராக மற்றொரு கட்டடத்திற்குச் சென்று சிற்றுரையாற்றப் பணிக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு உரைப்பொருள் அவ்வுவமை. மறு சாராருக்கு இறையியல் கற்றோர் மேற்கொள்ளத்தக்க பணிகள். சிலரிடம் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது என்று கூறி விரைவுபடுத்தினர்; சிலருக்கு அவகாசம் இருந்தது. இடைவழியில் ஒருவன் வாயிலருகே தலைகவிழ்ந்து, இருமி முனகிக் கிடந்தான். ஆய்வாளர் அமர்த்திய ஆள் அவன். அவகாசம் இருந்தோரில் 63 விழுக்காட்டினரும், மிதமாக விரைந்தோரில் 45 விழுக்காட்டினரும், மிக விரைந்தோரில் 10 விழுக்காட்டினருமே உதவ முன்வந்தனர். உரைப்பொருளால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது ஆய்வாளர் முடிபு.

இம்முடிபையே நாம் கவனித்து நோக்க வேண்டும். உவமையைச் சிந்தித்துச் சென்றோரில் 53 விழுக்காட்டினர் உதவினர். மற்றையோரில் 29 விழுக்காட்டினர். 40 பேரே கொண்ட ஆய்வில் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். எனவே போதனைக்குப் பயனுண்டு என்று இதைக்கொண்டு நிறுவ இயலாது. பயனில்லை என்றும் நிறுவ இயலாது. 1975-இல் அந்தோணி கிரீன்வால்ட் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். நிறுவப்படாதது வேறு, இல்லாதது வேறு.

இனி, விரைந்து சென்றோர் கல்நெஞ்சரோ? தமக்காகக் காத்திருந்த ஒருவரை ஏமாற்றலாகாது என்றே அவர்கள் விரைந்தனர். இரு கடமைகளுக்கிடையே அகப்பட்ட இந்நிலையை ஆய்வாளரே குறிப்பிட்டுள்ளனர். 1978-இல் பேட்சனும் உடனாய்வாளரும் இதைத் தனியே சோதித்தபோது, தம் வருகை பிறருக்கு இன்றியமையாதது என்று எண்ணி விரைந்தோரே குறைவாக உதவினர். அத்தகைய எண்ணமின்றி விரைந்தோரிடம் அக்குறைவு காணப்படவில்லை.

நானும் இவ்வாய்வைப் பல ஆண்டுகள் தவறாகவே கற்பித்தேன். ஒரு ஞாயிறன்று அடுத்த ஆராதனைக்கு விரைகையில், ஆலய வாசலில் என்னிடம் பேச நின்ற தாயார் ஒருவரைப் பிறகு வரச் சொல்லிவிட்டேன். அவர் பிறகு வரவில்லை. அன்று என்னிடம் இரக்கம் இல்லாமற் போயிற்று என்று நான் எண்ணவில்லை. காத்திருந்த சபையாரை நினைத்தேன். எதிரில் நின்றவரைக் காணவில்லை.

ஆதலால் பிரசங்கம் வீண் என்பதற்குச் சான்றாக இவ்வாய்வை மேடையேற்றுவதை விடுவோம். நம் மாணவருக்கு உவமையைக் கற்பிக்கும் நாம், வழியில் நின்று கவனிக்க இடந்தராதபடி அவர்களுடைய நாளையும் நம்முடைய நாளையும் நிரப்பிவைத்திருக்கிறோமா என்று ஆராய்வதற்கு அதைப் பயன்படுத்துவோம்.