யூராகுச்சோவின் கட்டைக் குரல்

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஏழு மாசம் கவாசாகியில் இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் டீம் மொத்தமும் ஒரு சின்ன கரோக்கே பாருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. மீட்டிங்கில் அவர் பேசினால் எதிர் நாற்காலிக்கே சரியாகக் கேட்காது. அவர் மைக்கை வாங்கி, உதட்டோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாட ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு கட்டைக் குரல்! யார் பாட்டு என்று கேட்டேன். பக்கத்திலிருந்தவர் "ஃபிராங்க் நாகாய்" என்றார். பெயரை டிஷ்யூ பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை, பாட்டு வரிகளை அகராதி வைத்துத்தான் படிப்பேன். ஆனா குரலுக்கு அகராதி வேண்டாமே. இந்தக் குரல்கள் ஏன் இழுக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஆம்பளைத்தனம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது தப்பு, அதுவும் தலைகீழான தப்பு என்று தோன்றுகிறது.

1957க்குப் போகலாம். ஒசாகாக்காரர்களின் சோகோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் அந்த மே மாதம் டோக்கியோவின் யூராகுச்சோ ரயில் நிலையத்துக்கு எதிரே கிளை திறந்தது. 'யூராகுச்சோவில் சந்திப்போம்' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். முதலில் வந்தது வாசகம், பிறகுதான் பாட்டு. சயேகி தகாவோ எழுதி, யோஷிதா தடாஷி இசையமைத்து, ஃபிராங்க் நாகாய் பாடிய தட்டு அந்த வருஷக் கடைசியில் வெளிவந்து நாடு முழுக்க ஒலித்தது. ஒரு கடைக்கான விளம்பரம் காதல் பாட்டாக நிலைத்துவிட்டது. நாகாய் அதற்கு முன் அமெரிக்க ராணுவ முகாம்களில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தவர். அவரை ஜப்பானிய வெகுஜனப் பாட்டுக்கு இழுத்து வந்தவர் யோஷிதா. 'தெய்ஒன் நோ மிரியோக்கு', அதாவது அடிக்குரலின் ஈர்ப்பு, என்ற விளம்பரச் சொற்றொடர் நாகாயின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புத்தாண்டுக்கு முந்தின இரவில் என்எச்கே நடத்தும் கோஹாகு பாட்டுப் போட்டியில் அந்த வருஷம் தொடங்கி 26 முறை மேடை ஏறினார்.

அதே 1957இல் இன்னொரு குரலும் வெடித்தது. மினாமி ஹாருவோ. நம்ம ஊர்க் கதாகாலட்சேபம் மாதிரி ஷாமிசென் துணையோடு கதை சொல்லிப் பாடும் ரோக்யொக்குவில் பழகிய தொண்டை. மேலே, பளீரென்று, கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரல். 'சான்சிகி ஒகேசா'வில் சந்து ஓரக் கடையில் குடித்துக்கொண்டு சின்னத் தட்டைத் தட்டி ஊரை நினைத்துப் பாடும் ஆட்கள் வருகிறார்கள். நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வந்த மிஹாஷி மிச்சியாவும் இதே மேல் ஸ்தாயிக்காரர்தான். அவருக்கும் ஊர், ரயில், பிரிவு. கிராமப்புறப் பள்ளியை முடித்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி டோக்கியோவில் வேலைக்கு வந்து இறங்கிய காலம் அது. ஒரே ஆளுக்கு இரண்டு குரலும் தேவைப்பட்டிருக்கும். விட்டு வந்த ஊருக்கு மேல் குரல், வந்து சேர்ந்த நகரத்துக்குக் கீழ்க் குரல்.

(மினாமியும் யோஷிதாவும் போருக்குப் பின் சைபீரியாவில் கைதிகளாக இருந்து திரும்பியவர்கள். இதை எங்கே பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனா சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.)

ஊர்க் குரல் ஏன் மேலே இருக்கிறது என்பது சுலபம். வயல், கடல், திருவிழாக் கூட்டம், எல்லாம் தூரம். மைக் இல்லாத காலத்தில் தூரத்தைக் கடக்க உரத்த, கூர்மையான குரல்தான் கதி. கீழ்க் குரலுக்குத்தான் மைக் வேண்டும். ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குக்கு ஒரு குணம் உண்டு. வாயைக் கிட்டே கொண்டுபோகப் போக அடி அலைவரிசைகள் மட்டும் கூடிக்கொண்டே போகும். அந்தக் கால ரிப்பன் மைக்குகளில் இது இன்னும் அதிகம். கவாசாகி பெரியவர் செய்ததும் இதைத்தான். அவர் குரல் கட்டையாக மாறவில்லை, நெருக்கமாக மாறியது. கட்டைக் குரல் என்று நாம் கேட்பதில் பாதி, தூரத்தின் அளவு. பத்து சென்டிமீட்டரில் ஒரு ஆள் பேசினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சோனியின் சட்டைப்பை டிரான்சிஸ்டர் டிஆர்-63 வந்ததும் இதே 1957இல்தான். அந்த மாதிரிக் குட்டி ஸ்பீக்கரில் நூறு ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அடி சுரம் வெளியே வரவே வராது. மேலே உள்ள துணைச் சுரங்கள் மட்டும்தான் வரும். அவற்றின் இடைவெளியை வைத்துக் காதும் மூளையும் சேர்ந்து இல்லாத அடி சுரத்தைத் தாமே போட்டுக்கொள்கின்றன. பழைய லேண்ட்லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடும், இருந்தும் அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்டதற்கு இதுதான் காரணம். ஆக, கட்டைக் குரலை ரேடியோவில் கேட்டவர்கள் அதில் ஒரு பங்கைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

சரி, நெருக்கமாக வந்து இந்தக் குரல் என்ன சொல்கிறது? இங்கேதான் ஆம்பளைத்தனக் கதை உடைகிறது. யூராகுச்சோ பாட்டில் இருப்பவன் மழை பெய்கிறதே, அவள் நனைவாளோ என்று கவலைப்படுகிறவன். சண்டைக்காரன் இல்லை, காத்திருக்கிறவன். 1959இல் முதல் ஜப்பான் ரெக்கார்ட் விருது வாங்கிய மிசுஹாரா ஹிரோஷியின் 'குரோய் ஹனபிரா'வில் (கறுப்பு இதழ்கள்) காதலைப் பறிகொடுத்தவன் இனி யாரையும் காதலிக்க மாட்டேன் என்கிறான். 1981இல் விருதையும் வாங்கி, ஒரிகான் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்த தெராவோ அகிராவின் 'ரூபி மோதிரம்' பாட்டிலும் பிரிந்துபோனவளின் நினைவில் உட்கார்ந்திருப்பவன்தான். தோற்றவர்கள் எல்லாரும். மேல் குரல்காரன் தோற்றால் அழுவான், சுரத்தை நடுக்கி நீட்டுவான். கீழ்க் குரல்காரனுக்கு ஏற இடம் உண்டு, ஆனா ஏற மாட்டான். அந்த ஏறாமைதான் பாட்டு.

தெராவோவிடம் இது உச்சம். குரோசாவாவின் 'ரான்' பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரியும், மூத்த மகனாக வருவார். 'ரூபி மோதிர'த்தில் அவர் பாடுகிறாரா பேசுகிறாரா என்றே சில இடத்தில் சந்தேகம் வரும். இசை நவநாகரிகமாகத் துள்ளுகிறது, அவர் மட்டும் கோட்டுப் பையில் கை விட்டு நிற்கிற மாதிரி. ஒரு வார்த்தை கூடச் சொன்னால் உடைந்துவிடுவான் என்று கேட்பவனுக்குத் தோன்றுகிறது. உடையவில்லை.

அப்படியானால் ஆம்பளைத்தனம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? என் ஊகம், இஷிஹாரா யூஜிரோ. நிக்கட்சு படங்களின் பெரிய நட்சத்திரம், சினிமாவில் அடிதடி, டிரம்ஸ், முகத்தில் காயம். அந்த முகத்தை நினைத்துக்கொண்டே குரலையும் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவருடைய 1967 'யொகிரியோ கொன்யாமோ அரிகதோ'வைக் கேளுங்கள். இரவு மூடுபனிக்கு நன்றி சொல்லும் ஒரு களைத்த மனிதர்தான் இருப்பார்.

நாகாய் எனக்கு எப்போதும் பிடித்துவிடுவதில்லை. 1961 விருதுப் பாட்டான 'கிமி கோயிஷி' 1920களின் கடைசியில் ஃபுதமுரா தெய்ச்சி ஜாலியாகத் துள்ளிப் பாடியது. நாகாய் அதை இறக்கி, மெதுவாக்கி, பளபளவென்று பாலிஷ் போட்டிருக்கிறார். எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் குரல் தன் அழகைத் தானே கேட்டு ரசிக்கிற மாதிரி இருக்கிறது. காத்திருப்பவனைக் காணோம், கலைஞன் மட்டும் நிற்கிறான். இந்த இடத்தில் மிசுஹாராவின் கரகரப்பு மேல். அது எப்போது வேண்டுமானாலும் கிழியலாம் என்ற பயம் இருக்கிறது. 42 வயசிலேயே போய்விட்டார் என்பது தெரிந்த பிறகு கேட்பதால் வந்த பயமாகவும் இருக்கலாம்.

யூராகுச்சோ சோகோ 2000இல் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் இப்போது பிக் கேமரா. இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பக்கம் போனபோது மாடியேறி ஒரு சாதாரண டைனமிக் மைக் வாங்கி வந்தேன். என் குரல் கீச்சு, கான்ஃபரன்ஸ் காலில் அடிக்கடி மேடம் ஆகிவிடும் குரல். லேப்டாப்பில் மாட்டி, உதட்டோடு வைத்து, யூராகுச்சோவின் முதல் அடியை முனகிப் பார்த்தேன். உள்ளே இருந்து மனைவி, "என்னங்க, தொண்டை கட்டிடுச்சா? சுக்குக் கஷாயம் போடட்டுமா?" என்றாள். ரெக்கார்டிங்கை இன்னும் அழிக்கவில்லை.